சுக்கான் அறையிலிருந்து கீழறைக்கு ஒரு கேபிள்

லெம்மர்,
ஆகஸ்ட் கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஃபென்னாவுக்கு,

அப்பா ஹார்மன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வயதுக்கு ஏற்ற வலிகளோடு, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்குக் கோடை முடிகிறபோது உங்களுக்குக் குளிர் முடிகிறது என்று அம்மா சொன்னாள், முடிகிற குளிரைத்தான் நம்பக் கூடாது, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதே. கடிதம் என்றால் அது எப்போதும் உன் அம்மாவின் கையெழுத்தில் வரும், இந்தத் தடவை அச்சடித்து வருகிறதே என்று பயப்படாதே, அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் எழுத வேண்டியிருந்தது, அதனால் இங்கே துறைமுகத் தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ரூலி, நான் சொல்லச் சொல்லத் தன் கல்லாவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். நீ அவளைப் பார்த்ததில்லை, உன் வயதுதான் இருப்பாள், நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன், எழுதிவிட்டாள். ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலிலிருந்து வந்திருக்கிறேன், ரொட்டிக்கடையில் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன ஞாயிறு நீ போனில் அம்மாவிடம் பேசினதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் இடுப்புக்காக அப்பாவைக் கப்பலை விட வைக்கறியே, பொறந்ததுலேர்ந்து தண்ணியிலேயே இருந்த மனுஷன், அவரைக் கரையில கொண்டு உட்கார வச்சா என்ன ஆவாருன்னு யோசிச்சியா, என்று கேட்டாய். உன் அம்மா பதிலுக்குச் சண்டை போடவில்லை, ஆமாடி, என்ன பண்றது, என் இடுப்பு இப்படி ஆயிடுச்சே, என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டாள். நான் பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது ஃபென்னா, விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை, ஆனாலும் நீ உன் அம்மாவைத் தப்பாக நினைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருப்பது அதைவிடப் பாரமாக இருக்கிறது. நாங்கள் கரையேறுவது அவள் இடுப்பால் இல்லை. எப்படி என்று சொல்கிறேன், நடுவில் கேபிள், கம்ப்யூட்டர் என்று வரும், பொறுமையாகப் படி, அந்தக் கேபிள் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

குளிர்காலத்தில் பனி உறைந்த கப்பல் தளத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது உனக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, நடக்கிறாள், ஆனால் சுக்கான் அறைக்கு ஏறும் அந்தச் செங்குத்து ஏணி அவளுக்கு முடிந்துபோன கதை. நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், அந்த அறையில் எனக்கு இடது பக்கத்து முக்காலி அவளுடையது. நான் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்ப்பேன், அவள் எழுத்தைப் பார்ப்பாள். என்னைப் பள்ளியில் சேர்க்காமல் இல்லை, மணல் இறக்குகிற ஊரில் இரண்டு நாள் பள்ளிக்கூடம், அடுத்த ஊரில் வேறு வாத்தியார், அதற்கடுத்த ஊரில் லீவு, இப்படியே மீசை முளைத்துவிட்டது, எழுத்து மட்டும் ஒட்டவில்லை. தண்ணீர் எனக்கு மனப்பாடம், எந்தப் பாலத்தின் எந்தத் தூணில் எந்த வருஷம் எவன் கப்பல் உரசினது என்பது வரை சொல்வேன், ஆனால் புதிதாக நட்ட பலகையும், கம்ப்யூட்டரில் வரும் அறிவிப்பும், எந்த மதகு எப்போது மூடியிருக்கும் என்பதும் உன் அம்மாவின் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. இடுப்பு ஒடிந்த பிறகு அவள் கீழறையில், ஜன்னலோரம், நாற்காலியில். அங்கிருந்து என்ன தெரியும், நாணல் தெரியும், கரைச் சுவர் தெரியும். ஆரம்பத்தில், மேலும் கீழும் பேசிக்கொள்ள வைத்திருக்கும் ஸ்பீக்கரில் கேட்பாள், ஹார்மன் இப்ப எங்கப்பா இருக்கோம், என்று. நான் சொல்வேன். ஏப்ரலில் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்கிறாள், ஹாஸெல்ட்டில வயசான கப்பல்காரங்க வீட்டுல ஒரு அறை காலியா இருக்காம், நான் போறேன், நீ சனி ஞாயிறு வா, சரக்கு மாதிரி கீழே கிடக்கறதுக்குக் கரையில ஆளா இருந்துட்டுப் போறேன், என்று. அவளை அனுப்பிவிட்டு நான் மட்டும் கப்பலில் இருப்பதா. எழுந்து போய் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டேன், தேவையே இல்லாமல்.

யோசனை சொன்னது பொஹுமில். நம் கப்பலில் தள வேலை பார்ப்பவன், செக் நாட்டுக்காரன், நீ போனபிறகு சேர்ந்தவன். கேப்டன், மேல கம்ப்யூட்டர்ல ஓடற வரைபடம் கீழ அம்மாவுக்கும் தெரிஞ்சா போதுமே, ஒரு பெரிய திரை, ஒரு கேபிள், ஒரு சாயங்கால வேலை, என்றான். ஒரு சாயங்கால வேலை என்று சொன்னவனைப் பிறகு நான் விட்டேனா. திரையை அவன் மச்சானிடம் வாங்கி வந்தான், கேபிளுக்கு நான் ரூலியின் கடைக்கு வந்தேன். ரெண்டு பக்கமும் என்ன ஓட்டை பெரியவரே, என்று கேட்டாள். ஓட்டை, என்றேன். ஓட்டைக்கெல்லாம் பேர் இருக்கு, என்றாள். பேர் எனக்கு எங்கே தெரியும், பார்த்ததைச் சொன்னேன், கம்ப்யூட்டரில் இருப்பதற்கு ஒரு மூலையை மட்டும் சீஸ் சீவினாற்போல் சீவியிருக்கிறது, திரையில் இருப்பதற்குக் கீழ் மூலை இரண்டும் உள்ளே வாங்கி நம் கப்பலின் அடிவயிறு மாதிரி இருக்கிறது. பசியோட வந்தீங்களா, என்று சிரித்துவிட்டு, ஒரு முனை ஒரு மாதிரியும் மறு முனை வேறு மாதிரியும் உள்ள கேபிள் ஒன்றை எடுத்தாள், இது கம்ப்யூட்டர்லேர்ந்து திரைக்குப் போற பக்கமாத்தான் வேலை செய்யும், தலைகீழா ஆசைப்படாதீங்க, என்றாள். நீளம் கேட்டாள், கையை விரித்து அளந்து வைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட வச்சு வாங்குங்க, என்றாள். கப்பலில் தளர்ந்து கிடக்கும் கயிறு காலை இழுத்துப்போடும், எனக்கு அளவாகப் போதும், என்று சொல்லி வாங்கி வந்தேன். மாட்டினோம், படம் வந்தது, உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாம லெம்மர்ல இருக்கோம், என்று அறிவித்தாள், பொஹுமில் கை தட்டினான்.

மறுநாள் சரக்கு இல்லாமல் புறப்பட்டோம். காலியாகப் போனால் கப்பலின் மூக்கு தூக்கிக்கொண்டு முன்னால் ஒன்றும் தெரியாது, அதனால் பொத்தானை அமுக்கிச் சுக்கான் அறையையே அப்படியே மேலே ஏற்ற வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். நானும் ஏற்றினேன். கட்டி வைத்திருக்கும்போது அறை எப்போதும் இறங்கித்தானே இருக்கும், நான் அளந்தது இறங்கியிருந்தபோது. அறை மேலே போகிறது, ஸ்பீக்கரில் உன் அம்மாவின் குரல், ஹார்மன், உன் திரை சுவத்துல ஏறுது. எனக்குப் புரியவில்லை. ஏறிடுச்சு, ஜன்னலைத் தாண்டிருச்சு, உன்னைப் பாக்கணும்னு அதுக்கு என்ன ஆசையோ, நிறுத்துய்யா, என்கிறாள். பொஹுமில் கேபிளைத் திரையோடு அவிழாதபடி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான், திரை சுவரோடு மேலே போய் விளக்கில் முட்டி, கேபிள் பிய்ந்து, சோபாவில் விழுந்தது. நல்லவேளை திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், தண்ணியிலேயே பொறந்த ரெண்டு ஆம்பளைங்க தங்களோட வீட்டுக் கூரை ஏறி இறங்கும்கறதை மறந்துட்டாங்க, என்று அந்த வாரம் முழுக்க ரேடியோவில் எதிரே வருகிற கப்பல்காரர் எல்லோரிடமும் சொன்னாள்.

திரும்ப ரூலி. இப்போது நீளமாகக் கேட்டேன், அறை உச்சிக்கு ஏறினாலும் போதும்படி. அவள் இரண்டை எடுத்து வைத்தாள், ஒன்று கட்டை விரல் தடிமன், இன்னொன்று காலணிக் கயிறு மாதிரி மெல்லிசு. மெல்லிசை வாங்குங்க, உள்ளே கண்ணாடி நூல் இருக்கு, இவ்வளவு தூரத்துக்குத் தடிச்சதுல போனா படம் பாதி வழியிலேயே களைச்சுப் போயிடும், என்றாள். நான் ஆயுள் முழுக்கக் கயிறு வாங்கினவன். மெல்லிசுக் கயிற்றை நம்பிக் கப்பலைக் கட்டினவன் எவன். தடித்ததையே எடுத்தேன், இப்போது இதைத் தட்டும்போது ரூலி தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், ஆட்டட்டும். அவள் சொன்ன மாதிரியே ஆனது, படம் வரும், பனி பெய்கிற மாதிரி புள்ளி புள்ளியாகும், கறுத்துப்போகும், மறுபடி வரும். உன் அம்மா பொறுத்துப் பார்த்தாள், பிறகு சொன்னாள், ஹார்மன், ஸ்னேக் பாலத்துக்கு முன்னாடி காணாமப் போய் மூணு பாலம் தாண்டி வரோம், நடுவுல நாம எங்கதான் போறோம், என்று. சிரிக்காமல் சொன்னாள். ஹாஸெல்ட் அறைக்காரர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்று பொஹுமில் என்னிடம் சொன்னான்.

அதனால் மூன்றாவது தடவையும் வந்து அந்தக் காலணிக் கயிற்றை வாங்கினேன். இதை மடிக்காதீங்க, முடிச்சுப் போடாதீங்க, அந்த செக் அண்ணன் கையில குடுக்காதீங்க, என்றாள் ரூலி. நானே இழுத்தேன், ஏணியோரம், குழாய்க்குள்ளே, மேல்தளத்துக்கு அடியில், மண்டியிட்டு, குப்புறப் படுத்து, பாதி நாள். எழுந்து நிற்க பொஹுமில் கை கொடுக்க வேண்டியிருந்தது. இழுத்து முடித்துப் பார்த்தால் மேலே ஒரு முனை ஓட்டையில் நுழையவே மாட்டேன் என்கிறது, நான் ரூலியைத் திட்டினேன், மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று. கீழே உன் அம்மா தன் பக்கத்து முனையைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் கூப்பிட்டாள், என் கையில இருக்கற முனையில கம்ப்யூட்டர்னு போட்டிருக்கு, கம்ப்யூட்டர் மேல இருக்கு, நான் கீழ இருக்கேன், யாராவது ஒருத்தர் இடம் மாறணும், நான் ஏணி ஏற மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருக்கார், என்று. கயிற்றுக்கு ஏது தலை, ஏது கால், எந்த முனையும் ஒன்றுதான் என்று நினைத்து இழுத்திருக்கிறேன். மறுபடி எல்லாவற்றையும் உருவி, திருப்பி இழுத்தேன்.

படம் வந்தது ஃபென்னா. பனி இல்லை, புள்ளி இல்லை. கால்வாய் நீலமாக, கரை மஞ்சளாக, நடுவில் நாம் ஒரு கறுப்பு முனையாக. உன் அம்மா மறுபடி உன் அம்மாவானாள். நாற்காலியைத் திரைக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் ஆரம்பித்தாள், எதிரே டெ ஹூப் கப்பல் வருது, அதை ஓட்டற கஞ்சன் வழி விட மாட்டான், ஒதுங்கிக்கோ. அடுத்த பாலம் பன்னிரண்டு மணிக்கு மூடறான், மெதுவாப் போ, அவசரப்பட்டு அங்க போய் நிக்காதே. பலகையில என்ன எழுதியிருக்குன்னு நீ கேக்கவேண்டியதே இல்லை கிழவா, எனக்கு முன்னாடியே தெரியும். ஹாஸெல்ட் அறையைப் பற்றி நான் கேட்டதற்கு, எந்த அறை, என்றாள். அந்த ஜூன் மாதம் நல்ல மாதம். தீவனம் ஏற்றி க்ரோனிங்கன் போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். பொஹுமில் அவளை வானொலி நிலையம் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இனி சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் இதற்காகத்தான் வந்தேன். அந்த வரைபடத்தில் கப்பலுக்குப் பின்னால் ஒரு கோடு விழும், நாம் வந்த வழியைக் காட்டும் கோடு. மேலே இருக்கும்வரை நாங்கள் இருவருமே அதைக் கவனித்ததில்லை, நான் முன்னால் பார்ப்பேன், அவள் எழுத்தைப் பார்ப்பாள், வந்த வழியை யார் பார்ப்பது. கீழே தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது. ஜூலையில் ஒருநாள், க்ரோனிங்கன் பக்கம் ஊசி மாதிரி நேராக ஓடும் கால்வாயில், ஸ்பீக்கரில் கேட்டாள், மேல காத்து அடிக்குதா. ஆமா, கொஞ்சம், என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே நாணல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த பாலத்தின் பேரைச் சொன்னாள், அவ்வளவுதான், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

என் வலது கை நடுங்குகிறது, ஃபென்னா. கிறிஸ்துமஸ் சமயத்திலிருந்து. முதலில் சாயங்காலத்தில் மட்டும், பிறகு எப்போதும். கப்பல் தானாக ஓட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது, கால்வாயில் அதை நான் என்றைக்கும் போட்டதில்லை, போட்டால் ஏன் என்று பொஹுமில் கேட்பான். அவன் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எனக்கு வீம்பு. கை பிசகினால் உடனே திருத்திவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கிற எனக்கே தெரியவில்லை, பொஹுமில் முன்தளத்தில் இருந்துகொண்டு அலையென்று நினைத்துக்கொண்டான், அவளுக்கு மட்டும் கோடாக விழுந்துகொண்டிருந்தது, பிரித்த கம்பளி நூல் மாதிரி நெளிந்து நெளிந்து, போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகமாக. அன்று கட்டி நிறுத்திய பிறகு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஹார்மன் கையைக் குடு, என்றாள். எந்தக் கை, என்றேன். எந்தக் கைன்னு உனக்குத் தெரியும், என்றாள். கொடுத்தேன். பிடித்துக்கொண்டே இருந்தாள், அது அவள் கைக்குள்ளே ஆடிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கோடை விடுமுறை, இந்தத் தண்ணி முழுக்கச் சின்னப் பிள்ளைங்க பாய்ப்படகுல திரியுதுங்க, நீ கோணிக்கிட்டுப் போற பக்கத்துல ஒண்ணு நின்னுதுன்னா நாம அதுக்கப்புறம் எப்படிய்யா இருப்போம், என்றாள். ஒரு தடவை அப்படி ஒரு படகு மிகப் பக்கத்தில் போனது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

டாக்டரைப் பார்த்தோம், அவர் நோய்க்குப் பேர் சொன்னார், அதை உன் அம்மா எழுதி வைத்திருக்கிறாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். ஓட்டக் கூடாது என்றார். இப்போது பொஹுமில் ஓட்டுகிறான், அவனிடம் அதற்கான உரிமம் இருக்கிறது, நான் பக்கத்தில் நின்று வாயால் ஓட்டுகிறேன், பீட்ரூட் அறுவடைச் சரக்கு முடிகிறவரை, பிறகு கப்பலை விற்றுவிடுவது என்று முடிவு. ஹாஸெல்ட்டில் இரண்டு பேருக்கான அறை கேட்டிருக்கிறோம். யார் யாரிடம் என்ன சொல்வது என்று பேசும்போது, என் இடுப்புன்னு சொல்லிடலாம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, புதுசா ஒண்ணு எதுக்கு, என்று அவளாகவே சொன்னாள். மதகுக்காரனிடமும் அப்படித்தான், சரக்குத் தரகரிடமும் அப்படித்தான், உன்னிடமும் அப்படித்தான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஊருக்கு அப்படியே இருக்கட்டும். நீ திட்டினதற்கும் அவள் அதே பதிலைச் சொன்னபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேபிளைப் பற்றி எனக்கு வருத்தமா என்று ரூலி கேட்கிறாள், விற்றவள் அல்லவா. தெரியவில்லை. உன் அம்மா போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் இழுத்தேன். அவளும் தனியாகப் போகவில்லை, நானும் கப்பலில் நிற்கப்போவதில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்டுச் சமாதானம் சொல்லி அழுது அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இடுப்பு எப்படிம்மா இருக்கு என்று கேள், நல்ல மெத்தையாப் பார்த்து வாங்கிக்கோ என்று சொல், அது போதும், அவளுக்குப் புரியாமலும் இருக்காது, ஆனால் நான் சொன்னதாக இருக்காது. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தம், பெரியவன் படிப்பில் சோம்பினால் தாத்தாவைப் பார் என்று சொல்லு. நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். வருஷக் கடைசிக்குள் முடிந்தால் வா. விற்பதற்கு முன் நம் கப்பலுக்கே வந்தால் நல்லது, முடியாவிட்டால் ஹாஸெல்ட்டுக்கு வா.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தக் கோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, மேலே பொஹுமில் எதிரில் அதைப் பார்க்க வெட்கம். எப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று நானாக இரண்டு மூன்று தடவை கீழே இறங்கினேன். ஏணியில் என் கால் சத்தம் கேட்டதும் உன் அம்மா திரையை அணைத்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹார்மன்

(கையெழுத்து அவரே போட்டது. ரூலி.)